விதைப்பூண்டும் ரகசிய நம்பரும்

பூம்பாறைக் குழந்தைவேல் தன் வாழ்க்கையில் மூன்றே மூன்று தடவைதான் பெரிய முடிவு எடுத்திருக்கிறார். முதல் தடவை, ஆயுசுக்கும் மீசையை எடுப்பதில்லை என்று. இரண்டாவது தடவை, மீசையை எடுத்துவிடுவது என்று. மூன்றாவது முடிவை அவர் எடுத்தது போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

“வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்கப்போறேன்!” என்றார், வாயெல்லாம் நுரையோடு.

வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி முருகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். “வாயைக் கொப்புளிச்சுட்டுச் சொல்லுங்க.”

கொப்பளித்துவிட்டுச் சொன்னார். அப்போதும் அதேதான் காதில் விழுந்தது.

பூம்பாறையில் அதுவரை யாரும் வீட்டுக்கு அலாரம் வைத்ததில்லை. நாய் வைத்திருந்தார்கள். நாய் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு வீரம்மாள் இருந்தாள். தெருவில் புது ஆள் தலை தெரிந்தால் நாய்க்கு முன்னால் அவள் குரல் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட தெருவில் குழந்தைவேலுக்கு ஏன் இந்த ஆசை வந்தது? கல்யாணச் சாப்பாட்டால் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

பூம்பாறைக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடுத்த பட்டத்துக்கு நடவேண்டிய விதைப்பூண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும். விறகடுப்புக்கு மேலே, கூரைக்குக் கீழே, மூங்கில் கழிகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும். காலையிலும் சாயங்காலமும் அதற்குப் புகை போடவேண்டும். கேஸ் அடுப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது டீ போட. விறகடுப்பு பூண்டுக்கு. மூன்று நாள் புகை காட்டாமல் விட்டால் மலைக்குளிரில் பூண்டு ஈரம் கோத்துக்கொண்டு கழியிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும். அப்புறம் கொல்லையில் நடுவதற்குக் கையைத்தான் நடவேண்டும்.

அதனால் கல்யாணம் காட்சி என்றால் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள்தான் போகமுடியும். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு ஆள் குழந்தைவேல்தான். வெள்ளை வேட்டி கட்டி, அக்குளில் அத்தர் தடவி, முதல் பஸ்ஸில் போய் முதல் பந்தியில் உட்காருவார். கடைசிப் பந்தியிலும் உட்காருவார். நடுவில் உள்ள பந்திகளை மேற்பார்வை பார்ப்பார். மூன்று நாள் கழித்து ஒரு தாம்பூலப் பையோடு திரும்பி வருவார்.

முருகேஸ்வரி புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். “பொண்ணு என்ன சேலை கட்டியிருந்தா?”

“பட்டுச் சேலைதான்.”

“என்ன கலரு?”

“அது… இருட்டுல சரியாத் தெரியல.”

“பகல் பதினொரு மணிக்குத்தானே முகூர்த்தம்?”

“சனம் மறைச்சிருச்சு.”

“என் அக்கா தங்கச்சியெல்லாம் வந்திருந்தாங்களா? என்ன பேசுனாங்க?”

“சாம்பார்ல உப்பு கொறச்சல்னு பேசுனாங்க.”

முருகேஸ்வரிக்குக் கல்யாண விவரம் என்று இதுவரை கிடைத்ததெல்லாம் சாம்பார் விவரம்தான். அதற்காக அவள் சண்டை போட்டதில்லை. ஆனால் மனசுக்குள் வருத்தம் இருந்தது, நிறையவே இருந்தது.

இப்போது பழனியில் அவளுடைய தம்பி பொன்னுவேல் வீட்டுக் கல்யாணம். பொன்னுவேலுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. மணப்பெண் அவர் மகள் ஜெயப்பிரியா, சின்ன வயசில் லீவுக்கெல்லாம் பூம்பாறைக்கு வந்து அத்தை மடியிலேயே கிடந்த பிள்ளை. பத்திரிகை வந்த அன்றே முருகேஸ்வரி சொல்லிவிட்டாள். “இந்தக் கல்யாணத்துக்கு நான்தான் போவேன். நாலு நாள் இருந்துட்டுத்தான் வருவேன். நீங்க வீட்டைப் பாத்துக்கங்க.”

குழந்தைவேல் பத்திரிகையைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம்! இலையில் பஞ்சாமிர்தம் கரண்டியிலா வைப்பார்கள்? வாளியில் அல்லவா வரும்! அதை விட்டுவிட்டு இங்கே புகையில் உட்கார்ந்திருப்பதா?

புகை போடுவது ஒரு பிரச்சினை இல்லை. வீரம்மாளிடம் சாவியைக் கொடுத்தால் காலையும் மாலையும் வந்து போட்டுவிடுவாள். காவல்தான் பிரச்சினை. கொஞ்ச நாள் முன்னால்தான் மேலத் தெருவில் ஆள் இல்லாத வீட்டில் நாலு கட்டு விதைப்பூண்டைப் பட்டப்பகலில் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து ஊரில் ஒருத்தரும் வீட்டைத் தனியாக விடுவதில்லை. குழந்தைவேல் மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் பல் தேய்க்கும்போது வழி கிடைத்துவிட்டது. அலாரம் காவலுக்கு. வீரம்மாள் புகைக்கு. தான் பழனிக்கு.

“நீயும் வா, நானும் வாரேன். ஜோடியாப் போவோம். எல்லாம் உனக்காகத்தான் முருகேசு!” என்றார்.

முருகேஸ்வரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஒன்று சம்மதம், இல்லாவிட்டால் வேறு யோசனை. பத்தொன்பது வருஷத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க குழந்தைவேலால் முடிந்ததில்லை.

“நல்லதுங்க,” என்றாள் கடைசியில். “கடைக்கு நானும் வாரேன்.”

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஆனந்த் என்பவர் கடை வைத்திருந்தார். கேமரா, பூட்டு, அலாரம் எல்லாம் விற்கிற கடை. கொடைக்கானலிலேயே படித்து வளர்ந்தவர். பேச ஆரம்பித்தால் பாதி இங்கிலீஷில் இருக்கும், மீதியைத் தமிழ் என்று நம்பிக்கொள்ள வேண்டும்.

“சார், ஃபர்ஸ்ட் நீங்க டிசைட் பண்ணணும். வயர்டா, வயர்லெஸ்ஸா?”

“எது பெரிசு?” என்றார் குழந்தைவேல்.

“சைஸ் மேட்டர் இல்ல சார்.”

“திருடனுக்கு மேட்டர்ப்பா. பாத்த மாத்திரத்துல அவனுக்குக் குலை நடுங்கணும்.”

ஆனந்த் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்று. கதவு திறந்தால் அது சொல்லும். உள்ளே மாட்டுகிற கண் ஒன்று. ஆள் நடமாடினால் உடம்புச் சூட்டை வைத்து அது சொல்லும். நம்பர் அமுக்குகிற பலகை ஒன்று. நம்பரை அமுக்கினால் எல்லாம் அடங்கும். அப்புறம் சைரன்.

“கரண்டு போனா என்ன செய்யும்?” என்று கேட்டாள் முருகேஸ்வரி.

“பேட்டரி பேக்கப் இருக்கு மேடம். எயிட் அவர்ஸ்.”

“எங்க ஊர்ல மழை பேஞ்சா கரண்டு வர மூணு நாள் ஆகுமே தம்பி.”

“அப்ப எக்ஸ்ட்ரா பேட்டரி போட்டுக்கலாம் மேடம். வீட்ல வைஃபை இருக்கா?”

“இல்ல.”

“அப்ப சிம் போடுற மாடல் எடுங்க. உங்களுக்கு அதுதான் செட் ஆகும்.”

குழந்தைவேலுக்கு இந்தப் பேச்செல்லாம் அலுப்பாக இருந்தது. ஆண்பிள்ளை ஒருத்தன் பக்கத்தில் நிற்கும்போது கடைக்காரன் பொம்பளையிடம் பேசுகிறானே! “அதெல்லாம் கெடக்கட்டும், சைரனைப் போடுப்பா, கேப்போம்,” என்றார்.

மூன்று மாடல் சைரனைப் போட்டுக் காட்டினார்கள். முதலாவது சைரனுக்குக் கடையில் நின்ற இரண்டு பேர் வெளியே போனார்கள். இரண்டாவதற்கு எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்றாவது சைரனுக்கு ரோட்டில் வந்த ஆட்டோ ஒன்று ஆம்புலன்ஸ் வருகிறது என்று ஓரம் கட்டி நின்றது.

“இதுதான்!” என்றார் குழந்தைவேல்.

“சூப்பர் சார். டியூஸ்டே எங்க ஆள் வந்து ஃபிட் பண்ணிக் கொடுத்துடுவார்.”

“ஆளெல்லாம் வேணாம். நானே மாட்டிக்கிருவேன்.”

“சார், கொஞ்சம் ட்ரிக்கியா இருக்கும்…”

“ஏம்ப்பா, மாட்டுறவனுக்கு எது எங்க இருக்குன்னு தெரிஞ்சு போகும்ல? நாளைக்கு அவனே வந்தா? அப்புறம் இந்த அலாரத்துக்குக் காவலா இன்னொரு அலாரம் வாங்கணும். யாருகிட்ட!”

ஆனந்த் அசந்துபோய்விட்டார். இவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் அவர் கடைக்கு அதுவரை வந்ததில்லை. “ஓக்கே சார், நீங்களே மாட்டுங்க. உங்க ஃபோனைக் கொடுங்க, ஆப் போட்டுத் தாரேன்.”

ஃபோனை வாங்கிப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார். “மெமரி ஃபுல் சார். ஆறாயிரம் குட்மார்னிங் இருக்கு. டெலிட் பண்ணட்டுமா?”

“ஐயையோ, அதுல பாதி முருகன் படம்! சாமியைப் போய் அழிப்பாங்களா? ஆப்பெல்லாம் அவ போன்ல போட்டு விடு. நம்பர்ப் பலகைதான் முக்கியம். அது என் பொறுப்பு.” இப்படிச் சொல்லிவிட்டு வாசலில் வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்த திசையில் நடந்தார்.

அவர் நாலு பஜ்ஜியும் இரண்டு டீயும் முடித்துத் திரும்பியபோது முருகேஸ்வரி இன்னும் ஆனந்திடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இவரைப் பார்த்ததும் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இவ்வளவு நேரம் என்ன பேச்சு?”

“வாரண்டி கேட்டேங்க.”

மறுநாள் காலை குழந்தைவேல் அலாரம் மாட்ட உட்கார்ந்தார். பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டு விளக்கியிருந்தது. டேப்பின் தோலை உரிக்கவும், சுவரில் ஒட்டவும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்காரர் பூம்பாறை அடுப்படியைப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. பத்தொன்பது வருஷப் புகை அந்தச் சுவரில் பளபளவென்று கறுப்பாகப் படிந்திருந்தது. அதில் பல்லிகூட நிதானித்துத்தான் கால் வைக்கும்.

கண்ணை ஒட்டினார். விழுந்தது. இன்னும் அழுத்தி ஒட்டினார். இன்னும் வேகமாக விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது நேராக ரசத்துக்குள் போனது.

“டேப்பு சரியில்ல,” என்றார்.

“சுவத்தைச் சொரண்டிட்டு ஒட்டுங்க,” என்றாள் முருகேஸ்வரி, ரசத்துக்குள்ளிருந்து கண்ணை எடுத்துத் துடைத்தபடி.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

பழைய அரிவாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிச் சுரண்ட ஆரம்பித்தார். கரி உதிர்ந்தது. சுவரிலிருந்து போன கரியெல்லாம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் சுவர் கொஞ்சம் வெளுத்திருந்தது. குழந்தைவேல் முழுசாகக் கறுத்திருந்தார். ஆனால் கண் ஒட்டிக்கொண்டது. காந்தம் ஒட்டிக்கொண்டது. பலகையையும் சைரனையும் ஆணி அடித்து மாட்டியாயிற்று. சிம் போட்டார், ரகசிய நம்பர் ஒன்று வைத்தார், ஸ்விட்சைப் போட்டார், பச்சை விளக்கு எரிந்தது. ஏணியில் நின்றபடியே கையைத் தூக்கி, “பாத்தியா!” என்றார்.

முருகேஸ்வரி அடுப்பைப் பற்றவைத்தாள். சுள்ளி குப்பென்று பிடித்தது. பூண்டுக் கட்டுக்குக் கீழே அடுப்பைப் பார்க்க மாட்டியிருந்த கண் அந்தச் சூட்டைப் பார்த்தது. திருடன் என்று முடிவு கட்டியது.

சைரன் அலறியதில் குழந்தைவேல் ஏணியிலிருந்து இரண்டு படியை விட்டுவிட்டு இறங்கினார். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். அங்கே விளக்குமாற்றோடு வீரம்மாள் வந்து நின்றாள். கரி பூசிய முகம், கையில் அரிவாள். அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

“திருடன்! திருடன்!” என்று கத்திக்கொண்டே நாலு போடு போட்டாள்.

“மதினி! மதினி! நாந்தான்!”

“திருட்டுப் பயலே, மதினின்னா கூப்புடுத!” ஐந்தாவது போடு.

“குழந்தைவேலு மதினி! குழந்தைவேலு!”

வீரம்மாள் விளக்குமாற்றைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தாள். “கொழுந்தனாரா? மூஞ்சியில என்ன இவ்வளவு கரி? நான் கிட்டத்தட்ட ஆளையே முடிச்சிருப்பேன்.”

அதற்குள் தெருவே கூடிவிட்டது. குழந்தைவேல் உள்ளே ஓடி நம்பரை அமுக்கினார். சைரன் நின்றது. அடி வாங்கிய மனிதர் என்றாலும் சைரனை ஒரு விரலால் நிறுத்திய மனிதர் அல்லவா? கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. அவருக்கு அடி வலி பாதி குறைந்தது.

“இனிமே இந்த வீட்டுல ஈ நுழைஞ்சாலும் இது சொல்லும். கதவு தொறந்தாலும் கத்தும், அடுப்பு எரிஞ்சாலும் கத்தும். நம்பர் தெரிஞ்ச ஆளு மட்டுந்தான் நிப்பாட்ட முடியும்,” என்று வாசலில் நின்று அறிவித்தார்.

“அது என்ன நம்பரு கொழுந்தனாரே?” என்றாள் வீரம்மாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“உங்ககிட்டச் சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள அடுத்த ஊரு கிளாவரை வரைக்கும் போயிரும் மதினி.”

கூட்டம் சிரித்தது. வீரம்மாளின் முகம் சுருங்கியது. குழந்தைவேலுக்குச் சிரிப்பு கிடைத்துவிட்டால் பேச்சை நிறுத்தத் தெரியாது. “உங்ககிட்ட என்ன, கட்டுன பொண்டாட்டிக்கே சொல்ல மாட்டேன்! நம்பர் எனக்கு மட்டுந்தான்!” என்றார்.

எல்லாரும் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. “அவுக சொல்றதுதான் சரி. இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா அப்புறம் அது என்ன ரகசியம்?” என்றாள். இவ்வளவு மரியாதையாக அவள் ஒத்துக்கொண்டதில் குழந்தைவேலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்த ஏழு நாளும் அவர்தான் அந்த வீட்டில் முதல் ஆள். அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் முருகேஸ்வரி அவரைக் கூப்பிடுவாள். அவர் போய்ப் பலகையை மறைத்து நின்றுகொண்டு நம்பரை அமுக்குவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அடுப்பு எரியும். இப்படி ஒரு மரியாதை அவருக்குக் கல்யாணமான புதிதில்கூடக் கிடைத்ததில்லை.

புறப்படுகிற நாள் வந்தது. குழந்தைவேல் வெள்ளனே எழுந்து குளித்து, வேட்டி கட்டி, அத்தர் தடவி, பையோடு வாசலில் தயாராக நின்றார். வாளிப் பஞ்சாமிர்தம் கண்ணுக்குள் நின்றது. முருகேஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். கொத்துப்பூ வைத்திருந்தாள்.

“எல்லாம் சரிதாங்க,” என்றாள். “பொகை யாரு போடுவா?”

“வீரம்மா மதினிதான். சாவியைக் குடுத்துட்டு வெரசா வா, பஸ் வந்துரும்.”

“அக்கா கதவைத் தொறந்தா சைரன் அடிக்குமே?”

“நம்பரை அமுக்கட்டும்.”

“நம்பர் தெரியாதே.”

“சொல்லிருவோம்.”

“உங்க இஷ்டம்ங்க. போயி நீங்களே சொல்லிட்டு வாங்க.”

குழந்தைவேல் வீரம்மாள் வாசலுக்குப் போனார். அவள் முறத்தில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மதினி, அந்த நம்பர் இருக்குல்ல…”

“எந்த நம்பரு?”

“அலாரம் நம்பரு. ஒரு நாலு நாளைக்கு மட்டும்…”

“வேணாம் சாமி! என்கிட்டச் சொன்னா கிளாவரை வரைக்கும் போயிரும். நாளைக்கு ஒரு பூண்டு கொறஞ்சாலும், நம்பர் தெரிஞ்சது இவளுக்கு மட்டுந்தானேன்னு ஊரைக் கூட்டி நிறுத்துவீங்க. எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு? வெத்தலை பாக்கு வச்சுக் கூப்புட்டாலும் உங்க நடையை மிதிக்கமாட்டேன்.”

திரும்பி வந்தார். முருகேஸ்வரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“அலாரத்தை ஆஃப் பண்ணிட்டுப் போனா என்ன?” என்றார்.

“அப்பக் காவலு?”

“பூண்டைக் கழட்டி வேற யாரு வீட்டுலயாவது தொங்கவிட்டா?”

“எந்த வீட்டுலங்க எடம் இருக்கு? எல்லார் வீட்டுலயும் அவுகவுக பூண்டே இடிச்சுக்கிட்டுத் தொங்குது.”

பஸ் ஹாரன் கோயில் திருப்பத்தில் கேட்டது. குழந்தைவேலுக்குச் சட்டென்று ஒரு யோசனை. நம்பரை முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு அவளை இருக்கச் சொன்னால்? “இந்தா முருகேசு, நீ வேணா…” என்று ஆரம்பித்தவர் அவளைப் பார்த்தார். அந்தப் பட்டுச் சேலையை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று ஞாபகமில்லை. மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்து கிடந்தது. அவ்வளவு வருஷம் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அவள் கண் பஸ் வருகிற பக்கமே இருந்தது. குழந்தைவேலுக்கு மனசு இளகிவிட்டது. பாவம் என்று உண்மையிலேயே தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

“நீ போயிட்டு வா,” என்றார். “நான் இருந்துக்கிறேன்.”

“நெசமாவாங்க?”

“நெசமாத்தான். நாலு நாள்தானே. போ, போ, பஸ் போயிரும்.”

முருகேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “ஃப்ரிட்ஜ்ல நாலு நாளைக்கு மாவு அரைச்சு வச்சிருக்கேன்! பொடி டப்பாவுல இருக்கு! பச்சை வெறகு மூலையில கெடக்கு!”

குழந்தைவேல் கையை ஆட்டி வழியனுப்பினார். தான் செய்த தியாகத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது. இரண்டு பேரும் கல்யாணத்துக்குக் கிளம்புகிற வீட்டில் நாலு நாளைக்கு மாவு எதற்கு அரைத்தாள் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

தியாகம் முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இட்லி ஊற்றினார். தட்டோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் ஒட்டாத டேப்புக்குப் பதிலாக இந்த மாவைத் தடவியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே சுரண்டித் தின்றார். காலையில் புகை, சாயங்காலம் புகை. ஒவ்வொரு தடவையும் முதலில் நம்பரை அமுக்கவேண்டும், பிறகு அடுப்பை மூட்டவேண்டும், புகை போட்டு முடித்ததும் மறுபடி அமுக்கவேண்டும். தெருவில் போகிறவர்கள், “என்ன குழந்தைவேலு, கல்யாணத்துக்குப் போகலையா?” என்று கேட்டார்கள். “வீட்டுல ஒரு பொறுப்பான ஆள் இருக்கணும்ல,” என்று பதில் சொன்னார். புகையில் கண் எரிந்தது. இதைத்தான் முருகேஸ்வரி பத்தொன்பது வருஷமாகச் செய்திருக்கிறாள் என்று நினைக்கும்போது மனசு கொஞ்சம் எரிந்தது.

மறுநாள் முகூர்த்தம். காலை பத்தே முக்காலுக்கு, பழனியில் இந்நேரம் பந்தி விரித்திருப்பார்கள் என்ற கவலையில், நம்பரை அமுக்காமலே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

சைரன் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அமுக்கினார். கண்ணில் புகை, விரலில் மாவு. தப்பான நம்பர். மறுபடி அமுக்கினார். அதுவும் தப்பு. மூன்றாவது தடவையும் தப்பாகப் போனதும் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் எந்த நம்பருக்கும் அது மசியவில்லை. உண்மையான திருடன் இவர்தான் என்று அது உறுதி செய்துகொண்டது போலிருந்தது. துண்டை எடுத்துச் சைரன் மேல் போர்த்தினார். சத்தம் துண்டுக்குள்ளிருந்தும் அதே தெம்போடு வந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். வீரம்மாள் தன் வாசல்படியில் வசதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குமாறு பக்கத்தில் சாத்தியிருந்தது. எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

திடீரென்று சைரன் நின்றது. வீடே அமைதியானது. குழந்தைவேல் பலகையைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. யார் நிறுத்தியது? அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

“நின்னுருச்சாங்க?” முருகேஸ்வரியின் குரல். பின்னால் நாதஸ்வரம்.

“நின்னுருச்சு முருகேசு! தானா நின்னுருச்சு!”

“தானா எங்க நின்னுச்சு? நாந்தான் நிப்பாட்டுனேன்.”

“நீ பழனியிலல்ல இருக்க?”

“ஆமா. மண்டபத்துல, மொத வரிசையில உக்காந்திருக்கேன். சைரன் அடிச்சா என் போன்ல சேதி வரும்ங்க. அந்த ஆப்புல ஒரு பொத்தான் இருக்கு. அமுக்குனா அடங்கிரும். திரும்ப அமுக்குனா காவல் காக்க ஆரம்பிச்சிரும்.”

“அவ்வளவு தூரத்துல இருந்தேவா?”

“சிங்கப்பூர்ல இருந்தாலும் நிக்குமாம். அந்தக் கடைக்காரத் தம்பி சொல்லிக் குடுத்தாரு.”

குழந்தைவேல் அடுப்பு முன்னால் மெதுவாக உட்கார்ந்தார். புகை மேலே பூண்டுக் கட்டுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் மண்டைக்குள் இருந்த புகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

“அப்ப… வீரம்மா மதினி பொகை போட வரும்போதெல்லாம் நீ அங்கிருந்தே நிப்பாட்டி விட்டிருக்கலாம்?”

“ஆமாங்க.”

“நம்பரே தேவையில்ல?”

“தேவையில்லைங்க.”

“மதினிதான் என் நடையை மிதிக்கமாட்டேன்னு சொல்லிருச்சே?”

“அது உங்க மேல உள்ள கோவம்ங்க. என்கிட்ட அக்காவுக்கு என்ன கோவம்? நேத்து ராத்திரிகூட அரை மணி நேரம் பேசுனாங்க. நீங்க இட்லி ஊத்துனதைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.”

மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைவேல் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தத்துக்கு மேலே சத்தமாகக் கேட்டார்.

“அப்ப நானும் கல்யாணத்துக்கு வந்திருக்கலாமா?”

“தாராளமா வந்திருக்கலாம்ங்க,” என்றாள் முருகேஸ்வரி, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா.”